ராமநகரத்து கிரானைட்: மாக்மா எங்கிருந்து வந்தது, தெற்கே போனால் கல் ஏன் கறுக்கிறது?

ஓசூர்_மலையேறி (கேள்வி)

வணக்கம். பெங்களூரு–மைசூரு சாலையில் ராமநகரம் நெருங்கும்போது இருபுறமும் நிற்கும் மொட்டைப் பாறை மலைகளைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே போனால் கட்டைவிரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், இடையில் சாம்பல் நிறக் குவார்ட்ஸ், கறுப்புப் பொட்டுகளாக மைக்கா. "மாக்மா பூமிக்கடியில் மெதுவாக ஆறினால் கிரானைட்" என்பதோடு பாடப்புத்தகம் முடித்துக்கொள்கிறது. எனக்கு அதற்குப் பிறகுதான் குழப்பமே.

ஒன்று: மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் திடப்பொருள், அது உருகினாலும் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல்தான் கிடைக்கும் என்கிறார்கள். அப்படியானால் கிரானைட் மாக்மா எங்கே உண்டாகிறது? இரண்டு: மெதுவாக ஆறினால் பெரிய படிகம் என்றால், ஒரே கல்லில் 5 செ.மீ. ஃபெல்ட்ஸ்பாரும் 5 மி.மீ. குவார்ட்ஸும் எப்படி அருகருகே இருக்கின்றன? மூன்று: ராமநகரத்துக்குத் தெற்கே கப்பாளதுர்காவிலும், நம் பக்கம் கிருஷ்ணகிரி தாண்டித் தருமபுரி போகும்போதும் இளஞ்சிவப்பு போய்ப் பச்சை கலந்த கறுப்புக் கல் வருகிறது. அதுவும் கிரானைட்தானா? நான்கு: 250 கோடி ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தேர்வு விடை மாதிரி இல்லாமல் எண்களோடு யாராவது விளக்கினால் நல்லது.

---

மிக்மடைட் (பதில்)

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மூன்றாவது தானாக விளங்கும். அதனால் அதை நிதானமாக எழுதுகிறேன்.

ராமநகரத்துக் கல்லுக்குப் பாறையியலில் குளோஸ்பேட் கிரானைட் என்று பெயர். குளோஸ்பேட் என்பது அந்த ஊரின் பிரிட்டிஷ் காலப் பெயர். வடக்கு தெற்காகச் சுமார் 400 கி.மீ. நீளம், அகலம் 20 கி.மீ.யும் அதற்குச் சற்று மேலும். வயது 252 கோடி ஆண்டை ஒட்டி வருகிறது. இதைச் சுற்றியிருப்பது பெனின்சுலார் நைஸ் என்னும் வரிவரியான சாம்பல் கல், அதன் பழைய பகுதிகள் 300 கோடி ஆண்டைத் தாண்டியவை. பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறை அதுதான். குளோஸ்பேட் மாக்மாவில் பெரும்பங்கு இந்த மாதிரிப் பழைய மேலோடு ஆழத்தில் உருகி வந்தது.

மேன்டில் உருகினால் பசால்ட் என்பது சரி. அதில் சிலிக்கா 50 விழுக்காடு அளவில் இருக்கும். கிரானைட்டில் 70க்கு மேல். பசால்ட் மாக்மாவைப் படிப்படியாகப் படிகமாக்கிக் கடைசி மிச்சத்தில் கிரானைட் எடுக்கலாம்தான். ஆனால் பத்துப் பங்கு பசால்ட்டுக்கு ஒரு பங்கு கிரானைட் தேறினாலே அதிகம். 400 கி.மீ. நீளக் கிரானைட்டுக்கு அதைப் போலப் பத்து மடங்கு கேப்ரோ (ஆழத்தில் உறைந்த பசால்ட் மாக்மா) பக்கத்தில் கிடக்க வேண்டும், அப்படி எதுவும் இல்லை. ஏற்கெனவே குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த கல் பாதி உருகினால் கணக்கு சுலபமாக முடிகிறது.

இனி வெப்பநிலை. தண்ணீரே இல்லாத கிரானைட் தரைமட்ட அழுத்தத்தில் உருகத் தொடங்க 950 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதே கல்லில் நீராவி நிறைந்திருந்தால் 1 கிலோபாரில் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) சுமார் 720, 2 கிலோபாரில் 685, 5 கிலோபாரில் 640 டிகிரியே போதும். டட்டில், போவன் என்ற பாறையியலாளர்கள் இருவரும் உயரழுத்தக் கலன்களில் செய்து 1958ல் வெளியிட்ட சோதனைகளும் அவற்றைத் தொடர்ந்தவையும் தந்த எண்கள் இவை. கிரானைட் உருகிய குழம்பிலிருந்து வந்ததா, திடப்பாறையே மாறி அப்படி ஆனதா என்று அதற்கு முன் இருபது ஆண்டு நடந்த சண்டை, குவார்ட்ஸ்–ஃபெல்ட்ஸ்பார் விகிதம் இயற்கைக் கிரானைட்டிலும் ஆய்வகக் குழம்பிலும் ஒரே இடத்தில் குவிந்ததைக் காட்டிய பிறகுதான் அடங்கியது.

25 கி.மீ. ஆழத்தில் இருக்கும் கல்லில் தளர்வான தண்ணீர் கிடையாது. துளைகள் மூடிவிடும். அங்கே தண்ணீர் கனிமங்களுக்குள் பூட்டியிருக்கிறது: பயோடைட் என்ற கறுப்பு மைக்காவின் எடையில் 4 விழுக்காடு வரை. சூடேறும்போது முதலில் வெள்ளை மைக்காவான மஸ்கோவைட் 700 டிகிரி சுற்றி உடைகிறது, பிறகு பயோடைட் 800–850ல், ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமம் 900ஐ நெருங்கி. உடையும்போது வெளிவரும் நீர் நேராகக் குழம்புக்குள் போய்விடும். பயோடைட்டும் குவார்ட்ஸும் பிளேஜியோகிளேஸும் (சோடியம்–கால்சியம் ஃபெல்ட்ஸ்பார்) சேர்ந்து வினைபுரிந்து, ஒரு பக்கம் நீர் கொண்ட கிரானைட் குழம்பு, மறுபக்கம் பைராக்சீன் என்ற நீரற்ற கனிமம், சில இடங்களில் கார்னெட். இந்தப் பைராக்சீனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மூன்றாவது கேள்வி அதில்தான் நிற்கிறது.

சாதாரணமாக கி.மீ.க்கு 25–30 டிகிரி கூடினால் 25 கி.மீ.யில் 650–750தான் வரும். 850 வேண்டுமென்றால் கூடுதல் சூடு தேவை. அன்று பூமிக்குள் கதிரியக்கச் சூடு இன்றையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதோடு மேன்டிலில் இருந்து சூடான மாக்மா ஏறி மேலோட்டின் அடியில் தங்கியது. ஏறியது அடுப்பாக மட்டும் இருக்கவில்லை, கலக்கவும் செய்தது. குளோஸ்பேட் கல்லில் தட்டுப்படும் கருநிறக் கட்டிகளின் ஓரத்தைப் பாருங்கள். உடைந்த துண்டு போலக் கூர்முனை இல்லாமல் வளைந்து நெளிந்திருந்தால், இரண்டும் குழம்பாக இருந்தபோது சந்தித்தவை. கூர்முனை இருந்தால் அது சுற்றுப்பாறையிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு.

உருகியதும் உடனே மேலே கிளம்பிவிடாது. முதலில் படிக ஓரங்களில் மெல்லிய படலமாக நிற்கும். கல்லை அமுக்கும் விசையில் படலங்கள் ஒன்று சேர்ந்து வெடிப்புகளுக்குள் வடியும். தேங்காய்த் துருவலைப் பிழிவது மாதிரிதான், பால் மேலே போகிறது, சக்கை கீழேயே கிடக்கிறது. குழம்பின் அடர்த்தி 2.3–2.4, சுற்றுப்பாறை 2.7–2.8, தூக்கிவிட அந்த வித்தியாசம் போதும். நீர் இல்லாத கிரானைட் குழம்பு ஏறக்குறைய கண்ணாடி, அசையாது. 5–6 விழுக்காடு நீர் கரைந்தால் அதன் பாகுத்தன்மை லட்சக்கணக்கான மடங்கு இறங்கிவிடும்.

ஏன் எரிமலையாக வெடிக்காமல் நடுவழியில் நின்றது? மேலே சொன்ன எண்களைத் திருப்பிப் படியுங்கள். 5 கிலோபாரில் 640 டிகிரியில் திரவமாக இருக்கும் நீர் நிறைந்த குழம்பு 2 கிலோபார் ஆழத்துக்கு ஏறினால், அங்கே திரவமாக இருக்க 685 வேண்டும். சூடு குறையாமலே உறைந்துபோகும். அழுத்தம் குறையும்போது நீர் குமிழியாகப் பிரிந்து ஓடுவதால் வரும் விளைவு இது. நீர் குறைவாகவும் 850க்கு மேல் சூடாகவும் கிளம்பிய குழம்புதான் அதிக தூரம் ஏறும். ஈரமான, குளிர்ந்த கிரானைட் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும்.

இப்போது மூன்றாவது. தார்வார் நிலப்பகுதி முழுவதும் பிற்காலத்தில் சாய்ந்து, தெற்கு உயர்ந்து அரிக்கப்பட்டது. அதனால் வடக்கிலிருந்து தெற்கே போவது மேலோட்டுக்குள் கீழே இறங்குவதற்குச் சமம். வடக்கே ஹம்பி வட்டாரத்தில் கல் உறைந்த அழுத்தம் 2–3 கிலோபார், அதாவது 10 கி.மீ. ஆழம். கப்பாளதுர்கா பக்கம் 7 கிலோபாரை ஒட்டி வருகிறது, அதாவது 25 கி.மீ. ஆழம். வடக்கே தனித்தனி நீள்வட்டப் பிண்டங்கள், சுற்றுப்பாறையோடு எல்லை கத்தியால் வெட்டியது போலத் தெளிவு. ராமநகரத்துக்குத் தெற்கே எல்லையே தெரியாது: நைஸ், அதற்குள் வெள்ளை–இளஞ்சிவப்புக் குழம்பு நரம்புகள், அவை தடித்துக் கிரானைட்டாகும் இடம் என்று ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஒரே மாக்மா அமைப்பின் வேரும் கிளையும் இப்படித் தரைமேல் வரிசையாகக் கிடைப்பது உலகில் அபூர்வம்.

கப்பாளதுர்காவில் சாம்பல் நைஸுக்குள் கையகலத்திலிருந்து ஓரிரு மீட்டர் வரை எண்ணெய் பூசினாற்போல் பச்சைக் கறுப்புத் திட்டுகள் இருக்கின்றன. அது சார்னோகைட். வேதிச் சேர்க்கை பக்கத்து நைஸிலிருந்து அதிகம் விலகவில்லை, ஆனால் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் இருந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன். உருகல் நீரை உறிஞ்சிக்கொண்டு போனதாலும் நடந்திருக்கலாம், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த பாய்மம் வெடிப்புகள் வழியே ஏறி நீரை விரட்டியதாலும் நடந்திருக்கலாம். திட்டுகள் வெடிப்புகளையும் நெறிவுப் பட்டைகளையும் பிடித்துக்கொண்டு போவதால் அங்கே இரண்டாவது காரணத்துக்கே என் ஓட்டு. தருமபுரிப் பக்கம் திட்டுத்திட்டாக இல்லாமல் மலை மலையாகச் சார்னோகைட். மேலோட்டின் இன்னும் ஆழமான தளத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

---

கல்பட்டறை (பதில்)

மேலே சார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். கிருஷ்ணகிரி, தருமபுரியில் "பிளாக் கிரானைட்" என்று வெட்டி எடுக்கிற சுத்தக் கறுப்புக் கல்லையும் சார்னோகைட்டையும் ஒண்ணாக்கிடாதீங்க. அந்தக் கறுப்பு டோலரைட். மேன்டிலில் இருந்து வந்த பசால்ட் மாக்மாவே வெடிப்புக்குள் ஏறி உறைந்த டைக். கிரானைட்டுக்கும் அதுக்கும் பிறப்பிலேயே சம்பந்தம் கிடையாது. வியாபாரத்தில் பாலிஷ் ஏறுகிற கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். "பாரடைசோ" என்று போகிறது பாதி உருகி வரிவரியான மிக்மடைட் நைஸ், மதுரைப் பக்கத்து "காஷ்மீர் ஒயிட்" கார்னெட் உள்ள லெப்டினைட் என்கிற உருமாறிய வெளிர் கல். பில்லில் எழுதின பேரை வெச்சுப் பாறையைப் படிக்க முடியாது.

பிரிச்சுப் பார்க்கச் சுலபமான வழி எடை. 20 மி.மீ. பலகை ஒரு சதுர அடி எடுத்துக்கோங்க. நிஜக் கிரானைட் அடர்த்தி 2.65, அதனால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். டோலரைட் 3.0 ஒட்டி வரும், 5.5 கிலோ தாண்டும். தடிமனைக் காலிப்பரில் நாலு முனையிலும் அளந்துட்டுக் கணக்குப் போடுங்க. 20 என்று விற்கிற பலகை 17, 18தான் இருக்கும், அதுக்குத் திருத்தம் போடலைன்னா டோலரைட்டும் கிரானைட் எடைக்கு வந்துடும்.

டைக்கை குவாரி முகப்பிலேயே கண்டுபிடிக்கலாம். நடுவில் மணி பெரிசா இருக்கும், ஓரத்துக்கு வர வர நுணுகி, கடைசி ஓரிரு அங்குலம் மணியே தெரியாது. குளிர்ந்த சுற்றுப்பாறையைத் தொட்ட இடத்தில் சட்டுன்னு உறைந்ததுதான் காரணம். அந்த ஓரத்தில் மயிரிழை வெடிப்பும் அதிகம், பிளாக் எடுக்கிறவங்க அதைக் கழிச்சுடுவாங்க. ராமநகரத்துக் கிரானைட்டின் தெற்கு ஓரத்தில் இந்த நுண்மணி விளிம்பு கிடைக்காது. சுற்றுப்பாறையும் 600, 700 டிகிரியில் இருந்ததால் அங்கே சட்டுன்னு உறைய வழியில்லை.

சார்னோகைட்டுக்கு அடையாளம் வேற: புதுசா உடைச்ச முகத்தில் குவார்ட்ஸே பச்சை–நீலச் சாயலில், மெழுகு தேய்ச்ச மாதிரி மினுங்கும். சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் கல் இதேதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்கு வெச்ச கல் இந்த வகைன்னு பார்த்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் 1893ல் அந்தப் பேரை வெச்சார்.

---

மிக்மடைட் (பதில்)

கல்பட்டறை சொன்ன ஓர விளிம்பு முக்கியமான சாட்சி, சேர்த்ததற்கு நன்றி. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

"மெதுவாக ஆறினால் பெரிய படிகம்" என்பது பாதி உண்மை. படிகத்தின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு வேகங்கள்: புதுப் படிகக் கரு எத்தனை முளைக்கிறது, முளைத்தது எவ்வளவு வேகமாக வளர்கிறது. உறைநிலைக்குச் சற்றே கீழே இருக்கும் குழம்பில் கருக்கள் அரிது, வளர்ச்சி உண்டு. வேகமாகக் குளிர்ந்தால் கருக்கள் கோடிக்கணக்கில் முளைத்து ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். கனிமத்துக்குக் கனிமம் இந்த எண்ணிக்கை மாறும். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் கரு முளைக்க மிகவும் சிரமப்படும் கனிமம். குழம்பில் பாதிக்கு மேல் உறைந்த பிறகுதான் அது தொடங்கும், ஆனால் முளைத்த ஒரு சில படிகங்களுக்கு மட்டும் மீதிப் பொட்டாசியம் முழுவதும் போய்ச் சேரும். அதனால்தான் அது 5 செ.மீ. வரை வளர்கிறது. குவார்ட்ஸோ கடைசியில் மிச்சமிருக்கும் இடுக்குகளை நிரப்புகிறது. இடுக்கின் அளவே அதன் அளவு.

உறையும் வரிசை ஏறத்தாழ இப்படி: சிர்கான், அபடைட் என்ற நுண்ணிய கனிமங்கள் முதலில், பிறகு ஹார்ன்பிளெண்ட், பயோடைட், பிளேஜியோகிளேஸ், பின் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், இறுதியில் குவார்ட்ஸ். இளஞ்சிவப்புக்குக் காரணம் ஃபெல்ட்ஸ்பாருக்குள் தூசி போல் தங்கிய ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு.

இந்தப் பெரிய ஃபெல்ட்ஸ்பார்கள் குழம்பில் வளர்ந்தவையா, கல் திடமான பிறகு பொட்டாசியப் பாய்மம் ஏறி வளர்ந்தவையா என்று பழைய நூல்களில் விவாதம் உண்டு. ஈரப்படுத்திய புதுமுகத்தில் நீங்களே பார்க்கலாம். படிகத்துக்குள் பயோடைட், பிளேஜியோகிளேஸ் துணுக்குகள் அதன் விளிம்புக்கு இணையாக வரிசை கட்டி அடுக்கடுக்காக நிற்கும். சுற்றிலும் திரவம் இருந்தால்தான் வளரும் முகத்தில் அப்படி வந்து ஒட்ட முடியும். நீளமான படிகங்கள் ஒரே திசையில் சாய்ந்தும், நடுவில் இருக்கும் குவார்ட்ஸ் நசுங்காமலும் இருந்தால் அது ஓடிய குழம்பின் தடம். குவார்ட்ஸும் நாடா போல இழுபட்டிருந்தால் உறைந்த பிறகு கல் நெறிபட்டிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஓட்டத் திசை" அளப்பவர்கள் நிறைய.

ஆறும் காலத்துக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு இருக்கிறது. பாறையின் வெப்பப் பரவல் எண் நொடிக்கு ஒரு சதுர மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிண்டத்தின் பாதித் தடிமனை மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பத்து லட்சத்தால் பெருக்கினால் நொடிகள் வரும். பாதித் தடிமன் 1 கி.மீ. என்றால் ஏறக்குறைய 32,000 ஆண்டு. 10 கி.மீ. என்றால் 32 லட்சம். குளோஸ்பேட் ஒரே மூச்சில் வந்த 20 கி.மீ. குழம்பு அல்ல, மாற்றி மாற்றி ஏறிய பல தவணைகள். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கணக்கு.

இதே கணக்கை 2 மீட்டர் அகல பெக்மடைட் (மிகப் பெரிய படிகங்கள் கொண்ட கிரானைட்) நரம்புக்குப் போடுங்கள். 12 நாள்கூட வராது. சுற்றுப்பாறை ஏற்கெனவே சூடாக இருந்தால் மாதக்கணக்கு. ஆனாலும் அதில் அடிக்கணக்கில் படிகங்கள் கிடைக்கின்றன. நீர், போரான், ஃபுளோரின், லித்தியம் கடைசிக் குழம்பில் திரண்டு, கரு முளைப்பதைத் தடுத்து, அணுக்கள் நகரும் வேகத்தைக் கூட்டுவதே காரணம். காங்கேயம் பக்கம் படியூரில் வெட்டிய பெரில் படிகங்கள் பெக்மடைட்டில் வந்தவை. மெதுவாக ஆறியதால் பெரியவை என்று அவற்றுக்குச் சொன்னால் தப்பு.

---

ஓசூர்_மலையேறி

அருமை. நான்காவது மட்டும் பாக்கி. அதோடு, பாறைமுகத்தைப் பார்த்து "இது கிரானைட், இது கிரானோடயோரைட்" என்று களத்திலேயே பிரிக்க என்ன வழி? ஆய்வக வசதி எதுவும் இல்லை.

---

சிர்கான்_207 (பதில்)

வயது பற்றி நான் சொல்கிறேன்.

கடிகாரம் சிர்கான். நீளம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள். படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய விடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 446.8 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70.4 கோடி ஆண்டு. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம் ஓடுவதுதான் இந்த முறையின் பலம். 252 கோடி ஆண்டுக் கல் என்றால் ஈயம்-206க்கும் யுரேனியம்-238க்கும் உள்ள விகிதம் 0.478, ஈயம்-207க்கும் யுரேனியம்-235க்கும் 10.96. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் ஈயம் கசியவில்லை. முதலாவது குறைந்த வயதும் இரண்டாவது அதைவிடக் கூடிய வயதும் காட்டினால் கசிந்திருக்கிறது. கசிவு அண்மைக் காலத்தது என்றால் ஈயம்-207, 206 விகிதத்தை நம்பலாம், ஏனென்றால் இரண்டு ஈயமும் ஒரே அளவில் வெளியேறும். இந்த வயதுக்கு அந்த விகிதம் 0.166.

மாதிரி எடுப்பதிலிருந்து சொல்கிறேன். மேல்தோல் நீக்கிய, நரம்பு ஓடாத கல் 3 முதல் 5 கிலோ. கிரானைட்டில் சிர்கான் தாராளம், அதனால் இது போதும். டோலரைட்டில் இருபது கிலோ உடைத்தாலும் கையில் ஒன்றும் சிக்காமல் போகலாம். தாடை நொறுக்கியில் உடைத்து, அரைத்து, 250 மைக்ரான் சல்லடையில் சலித்து, நீர்மேசையிலோ தட்டிலோ அலசிக் கனமான மணலைப் பிரிக்க வேண்டும். காந்தத்தில் இரும்புக் கனிமங்கள் போகும். மீதியை மெத்திலீன் அயோடைடில் போட்டால், அதன் அடர்த்தி 3.3, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், 4.6 அடர்த்தியுள்ள சிர்கான் அடியில் தங்கும். அந்தத் திரவம் நச்சு, காற்றிழுக்கும் பெட்டிக்குள் மட்டுமே கையாள வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் ஊசியால் பொறுக்கி, பிசினில் பதித்து, படிகம் பாதி தேயும்வரை மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றை பட்டு உள்ளடுக்குகள் ஒளிரும் கேத்தோடோலுமினசென்ஸ் படம் எடுத்து, லேசரிலோ அயனிக் கற்றையிலோ 20–30 மைக்ரான் புள்ளியாகச் சுட்டு அளப்பார்கள்.

கோளாறு வரும் இடங்கள் மூன்று. முதலாவது சல்லடை. முந்தைய மாதிரியின் ஒரே ஒரு மணி கண்ணியில் மாட்டியிருந்தால் போதும், 252 கோடிக் கல்லில் 55 கோடி ஆண்டுச் சிர்கான் "கிடைத்து" ஒரு புதுக் கொள்கையே பிறக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் வலையைக் கழற்றி எரிப்பது அல்லது புது நைலான் வலை போடுவதுதான் தீர்வு. இரண்டாவது பழைய உட்கரு. மிக்மடைட் சொன்னபடி குழம்பு பழைய நைஸ் உருகி வந்தது. நைஸின் சிர்கான் முழுக்கக் கரையாமல் தப்பி, அதைச் சுற்றிப் புது ஓடு வளர்ந்திருக்கும். கருவில் சுட்டால் 300 கோடி, ஓட்டில் சுட்டால் 252 கோடி. புள்ளி இரண்டிலும் பாதிப் பாதி விழுந்தால் 270, 280 என்று பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எதற்குமே பொருந்தாத எண் வரும். படம் எடுக்காமல் சுடக்கூடாது என்பது அதனால்தான். அந்தப் பழைய கரு வெறும் தொல்லையும் இல்லை, கிரானைட் எதை உருக்கி வந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி அதுவே. மூன்றாவது, யுரேனியம் அதிகமுள்ள மணிகள். கதிர்வீச்சில் படிகக் கட்டமைப்பு சிதைந்து ஈயம் கசியும். பழுப்பேறி, மங்கி, வெடித்த மணிகளைத் தவிர்க்க வேண்டும்.

பயோடைட்டில் பொட்டாசியம்–ஆர்கான் வயது எடுத்து "கிரானைட் இளையது" என்று வாதாடுபவர்களைப் பார்க்கலாம். பயோடைட்டின் கடிகாரம் 300–350 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்த எண் கல் குளிர்ந்த காலம், குழம்பு உறைந்த காலம் அல்ல. 25 கி.மீ. ஆழத்தில் கிடந்த தெற்குப் பகுதியில் இரண்டுக்கும் இடைவெளி கோடிக்கணக்கான ஆண்டாக இருப்பது இயல்பே.

---

மிக்மடைட் (பதில்)

களத்துக்கு வேண்டியவை: 10 மடங்கு லென்ஸ், பேனாக்கத்தி, தண்ணீர் புட்டி, நாடா.

கத்தி கீறாதது குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ட்ஸ்பார். கல்லை வெயிலில் மெல்லத் திருப்புங்கள்: தட்டையான முகம் பளிச்சென்று கண்ணாடி போல் மின்னினால் ஃபெல்ட்ஸ்பார்; எந்தக் கோணத்திலும் எண்ணெய்ப் பளபளப்போடு வளைந்து உடைந்திருந்தால் குவார்ட்ஸ். மின்னும் முகத்தில் லென்ஸில் நேர்த்தியான இணைகோடுகள் தெரிந்தால் பிளேஜியோகிளேஸ். பெரிய படிகத்தில் ஒரு பாதி மின்னும்போது மறுபாதி மங்கி, திருப்பினால் மாறினால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரின் இரட்டைப் படிகம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைப் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு, இரும்புக்கறை பிடித்துச் சிவந்த பிளேஜியோகிளேஸும் உண்டு.

பெயர் வைக்க எண்ண வேண்டும். நல்ல தட்டையான பாறைமுகத்தில் நாடாவை 10 மீட்டருக்கு விரித்து, 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் கீழே எந்தக் கனிமம் என்று குறித்தால் 500 புள்ளி. கைமாதிரி ஒன்றை வைத்து எண்ணினால் 5 செ.மீ. படிகம் இரண்டு விழுந்தாலே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் பாதியைத் தாண்டிவிடும், பெயரும் தப்பாகும். நாடாவைப் படிகங்கள் சாய்ந்திருக்கும் திசைக்குக் குறுக்கே போடுங்கள். குவார்ட்ஸ், இரண்டு ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் கூட்டி 100 ஆக்கிக்கொண்டால், குவார்ட்ஸ் 20 முதல் 60க்குள் இருக்க வேண்டும். மொத்த ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம் வகை 35 முதல் 90 விழுக்காடு என்றால் கிரானைட், 10 முதல் 35 என்றால் கிரானோடயோரைட், 10க்குக் கீழே டோனலைட். குவார்ட்ஸ் 20க்குக் கீழே இறங்கினால் சயனைட், மான்சோனைட் என்ற பாறைகளின் பக்கம் போய்விடும். குளோஸ்பேட்டில் மேன்டில் குழம்பு அதிகம் கலந்த இடங்களில் மான்சோனைட் வரும், அதைப் பார்த்து எண்ணியது தப்போ என்று சந்தேகப்பட வேண்டாம். சார்னோகைட்டில் இந்த முறையை முயலாதீர்கள். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஒரே பச்சையில் இருப்பதால் கண் ஏமாறும், நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய வெட்டு இல்லாமல் முடியாது.

ராமநகரத்தில் ராமதேவரபெட்டா 2012லிருந்து பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், லால்பாக் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். இரண்டு இடத்திலும் சுத்தியலை எடுக்கவே கூடாது. எண்ணிப் பார்க்கச் சாலை வெட்டுமுகங்களும் கைவிட்ட குவாரிகளின் பழைய தளங்களும் போதும். குவாரி என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, தண்ணீர் தேங்கிய பக்கம் போகாமல், தொங்கும் முகப்புக்கு அடியில் நிற்காமல் பாருங்கள். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பிறகோ போனால் சாய்ந்த வெயிலில் ஃபெல்ட்ஸ்பார் முகங்கள் நன்றாக மின்னும், எண்ணுவது சுலபம்.